நான் போட்ட சரிக்குறிகள்

ஈஸ்ட் ஹாமில் எங்கள் வட்டாரத்துக் கவுன்சிலர் இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கதிரையில் இருந்தவர். முழங்கால் இரண்டையும் மாற்றிய பிறகு, மனைவியோடு கடற்கரைப் பக்கம் போய் இருக்கப்போகிறேன் என்று பதவியை விட்டுவிட்டார். நல்ல மனிதர்தான். கோவில் தேருக்கு வருவார், கச்சான் வாங்கிக் கொறிப்பார், எல்லாரையும் பார்த்துக் கும்பிடுவார். அவர் எங்களுக்குச் செய்த வேலை என்னவென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த இடத்துக்கு வேறு ஒருவர் வரலாம் என்று எவரும் யோசித்ததே இல்லை. திடீரென்று கதிரை காலியானது. இடைத்தேர்தல் என்றார்கள். ஐந்து கட்சிகள் ஓடிவந்தன. அதில் ஒன்று என் தங்கையின் மகளை நிறுத்தியது.

பெறாமகள் என்று பெயருக்குத்தான் சொல்வது. தங்கை இரண்டு இடத்தில் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளை என் கடைக்குத்தான் வரும். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ஒரு சேலைக் கடையின் பின்னறை அது. என் தையல் மெசினுக்குக் கீழே வெட்டுத் துணிகளின் மேல் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் செய்தவள். இப்போது சட்டத்தரணி. வாடகை வீட்டிலிருந்து துரத்தப்படுகிறவர்களுக்காக வழக்குப் பேசுகிறாள். கவுன்சிலுக்குக் கடிதம் எழுதி எழுதிக் களைத்துப்போய், உள்ளே போனால்தான் இதற்கு ஒரு முடிவு வரும் என்று தேர்தலில் இறங்கியவள். பதவி ஆசை அவளுக்கு இல்லை. இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு துக்கம் வந்திராது.

ஒரு சனிக்கிழமை காலை, கையில் ஓர் அட்டையோடு கடைக்கு வந்தாள். அட்டையில் தாள்கள் செருகியிருந்தன. மூன்று தெருக்கள், வீட்டு இலக்கம், வாக்காளர் பெயர், பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி.

“பெரியம்மா, இந்த மூண்டு தெருவும் முக்கால்வாசி எங்கட சனம். உங்களைத் தெரியாத ஆள் இல்லை. நீங்கள் போய்க் கேட்டாக் கதவு திறப்பினம்.”

“கேட்டு?”

“எங்களுக்குப் போடுவினமெண்டா சரிக்குறி. மாட்டினமெண்டாப் பிழைக்குறி. நிச்சயமில்லையெண்டாக் கேள்விக்குறி. கேள்விக்குறி போட்ட வீட்டுக்கு நானே நேர வருவன். பிழைக்குறி வந்தாலும் கவலையில்லை, உள்ளதைப் போடுங்கோ. அதை வைச்சுத்தான் நான் எங்க போறதெண்டு பாக்கவேணும்.”

அவள் என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். வாக்கு வாங்கித் தா என்றுகூடக் கேட்கவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அட்டையை வாங்கினேன்.

இந்த வேலைக்கு என்னைவிடத் தோதான ஆள் ஈஸ்ட் ஹாமில் இல்லை என்று நான் நினைத்ததில் பிழையில்லை. முப்பது வருடமாகச் சேலைச் சட்டை தைக்கிறேன், முதலில் ஜெர்மனியில், பிறகு இங்கே. அளவெடுக்கும்போது எந்தப் பெண்ணும் ஒழுங்காக நிற்பதில்லை. நாடாவைச் சுற்றியதும் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். நான் அப்போது அளக்கமாட்டேன். மகளுக்கு எங்கே இடம் பார்க்கிறீர்கள், மீன் என்ன விலை என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே நிற்பேன். பேசினால் மூச்சு விடத்தானே வேண்டும். விட்ட பிறகுதான் இலக்கத்தைப் பார்ப்பேன். அதற்கு மேலும் தையலுக்குள் இரண்டு விரல் துணி விட்டுத்தான் வெட்டுவேன். இத்தனை கள்ளமும் தெரிந்தவள் நான். நாடாவோடு நிற்கும்போது இருந்த புத்தி பேனாவோடு நின்றபோது எங்கே போனதென்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

கட்சியில் எனக்குச் சோடியாக ஓர் ஆங்கிலேயப் பெண்மணியை அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை. நான் கதவைத் தட்டிப் பேசவேண்டும், அவர் இலக்கத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும், நான் குறி போடவேண்டும். முதல் வீட்டிலேயே என் வாடிக்கைக்காரி.

“ஓமக்கா, உங்கட பெறாமகளுக்குப் போடாம வேற ஆருக்குப் போடப்போறம்? அது கிடக்கட்டும், என்ர மஞ்சள் சட்டை முடிஞ்சுதே?”

முடியவில்லை. துணியில் கத்தரிக்கோலே வைக்கவில்லை. “ஓம், நாளைக்கு வாங்கோ” என்றேன். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். நான் சரிக்குறி போட்டேன்.

ஐந்தாவது வீட்டில் ஒரு மனிதர், கையில் அரைவாசி உரித்த வெங்காயத்தோடு வந்தார். நான் தொடங்குவதற்கு முன்பே, “ஓமோம், ஓமோம், பாப்பம்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

“என்ன சொன்னார்?” என்று ஆசிரியை ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஆம் என்றார்.”

“ஏன் அத்தனை தடவை சொன்னார்?”

“அவ்வளவு உறுதி” என்றேன்.

இதைப் படிக்கும் எங்கள் ஆட்கள் இப்போதே சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள். எங்கள் ஓமைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா? நீங்கள் சொல்வது காதில் விழுந்தது என்பதற்கும் ஓம். உங்கள் முகத்தை முறிக்க எனக்கு விருப்பமில்லை என்பதற்கும் ஓம். அதை ஓமோம் என்று இரட்டித்துச் சொன்னால், கதையை முடித்துக்கொண்டு போங்கள் என்று பொருள். பாப்பம் என்று ஒரு சொல் பின்னால் வந்துவிட்டதோ, அந்தக் காரியம் நடக்கவே நடக்காது. எப்போதாவது ஒரு ஓம் உண்மையான ஓமாகவும் இருக்கும். சொல்கிறவரின் கண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்தது. ஒவ்வொரு வாசலிலும் தெரிந்தது.

தெரிந்தும் ஏன் சரிக்குறி போட்டேன்? ஆசிரியை பக்கத்தில் நின்றது ஒரு காரணம். எங்கள் சனம் முகத்துக்கு நேரே ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றைச் செய்யும் என்று ஒரு வெள்ளைக்காரிக்கு முன்னால் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அது சின்னக் காரணம். பெரிய காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் போய்க் கேட்டால் எவரும் மறுக்கமாட்டார்கள் என்று பெறாமகளுக்குக் காட்ட ஆசைப்பட்டேன்.

இரண்டாவது தெருவில் ஓர் இந்தியத் தமிழ்த் தம்பி இருந்தார். கணினி வேலை. கதவை முழுதாகத் திறந்து, நான் சொன்னது எல்லாவற்றையும் நின்று கேட்டார்.

“இல்லைங்க மேடம், நான் இன்னொரு கட்சிக்குத்தான் போடுவேன். ஏற்கெனவே முடிவு பண்ணிட்டேன். மழையில நனைஞ்சு வந்திருக்கீங்க, உள்ள வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க.”

தாள் கிழியும் அளவுக்கு அழுத்திப் பிழைக்குறி போட்டேன். டீயும் குடிக்கவில்லை. எவ்வளவு திமிர் என்று படலை வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். மூன்று தெருவிலும் எனக்கு உள்ளதைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான், என் தாளில் இருந்த ஒரே பிழைக்குறியும் அவருடையதுதான்.

நான் மறக்க முடியாத வீடு மூன்றாவது தெருவில் இருந்தது. அங்கே ஐந்து வாக்கு: தாய், தகப்பன், வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர், மாமியார். தாய் என்னிடம் சட்டை தைப்பவள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். படுக்கையறைக் கட்டிலை இழுத்துச் சுவரைக் காட்டினாள். கூரையிலிருந்து நிலம் வரை பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்திருந்தது. அந்த அறையில் படுக்கிற கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வருடமாக இருமல்.

“கவுன்சில் வீடு அக்கா. நாலு கடிதம் போட்டாச்சு. ஒருத்தரும் வந்து பாக்கேல்லை. உங்கட பெறாமகள் இந்த வேலைதானே செய்யிறா? ஒருக்கா வந்து பாக்கச் சொல்லுங்கோவன்.”

“சொல்லுறன். கட்டாயம் சொல்லுறன்.”

“மறந்திடாதேங்கோ.”

“வோட்டு?”

“ஓமக்கா,” என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. “பாப்பம்.”

ஐந்து பெயருக்கும் ஐந்து சரிக்குறி போட்டேன். தாளின் ஓரத்தில் குறிப்பு எழுத இடம் விட்டிருந்தார்கள். அதில் ஒன்றும் எழுதவில்லை. ஒரேயொரு கேள்விக்குறி போட்டிருந்தாலே பெறாமகள் அந்த வீட்டுக்குப் போயிருப்பாள். போயிருந்தால் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுச் சும்மா வந்திருக்கமாட்டாள். அவள் தேர்தலில் நின்றதே அந்தச் சுவருக்காகத்தான். நான் சொல்லுகிறேன் என்று சொன்னதை அன்று பின்னேரமே மறந்துவிட்டேன். மற்றவர்களின் ஓமைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். முகம் விரிந்துகொண்டே போனது. “பெரியம்மா, இது என்ன, எல்லாம் டிக்!” என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். அங்கே நின்ற கட்சிக்காரர் எல்லாரும் கைதட்டினார்கள். வாழ்க்கையில் எனக்கு எவரும் கைதட்டியதில்லை. நான் வேண்டாம் வேண்டாமென்று கையை ஆட்டினேன். ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்துபோய் நின்றேன்.

அந்தத் தாள்களை நம்பி அவள் ஒரு முடிவெடுத்தாள். பெரியம்மாவின் தெருக்கள் உறுதி, இனி அந்தப் பக்கம் நேரம் போக்கத் தேவையில்லை, மிச்சம் இருக்கிற இரண்டு கிழமையும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போவோம் என்று. சரியான முடிவு. தாள் உண்மையாக இருந்திருந்தால்.

ஒரு கிழமை கழித்து, பூஞ்சணச் சுவர்க்காரி சட்டைக்கு அளவு கொடுக்க வந்தாள். நாடா அவள் மார்பைச் சுற்றியிருக்கும்போது, தன்னை மறந்து சொன்னாள்:

“அந்த மற்றக் கட்சி ஆள் மூண்டு தரம் வந்திட்டார் அக்கா. சுவரைப் படமெடுத்துக்கொண்டு போனவர். எங்களோட இருந்து தேத்தண்ணி குடிச்சவர். நல்ல மனிசன்.”

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். “அதுக்கில்லை, எங்கட வோட்டு உங்கட பிள்ளைக்குத்தான்” என்று அவசரமாகச் சொல்லி, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவள் மூச்சு விடும்வரை நான் காத்திருக்கவில்லை. நாடாவில் தெரிந்த இலக்கத்தை அப்படியே எழுதினேன்.

அன்றைக்கே பெறாமகள் தொலைபேசி எடுத்தாள். கடவுள் எனக்கு இன்னொரு தடவை கதவைத் திறந்துவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும்.

“உங்கட தெருக்கள் ஷுவர்தானே பெரியம்மா? சந்தேகமெண்டாச் சொல்லுங்கோ. சனி ஞாயிறில நானே வந்து வீடு வீடா ஒருக்கா ஏறி இறங்குறன். நேரம் இருக்கு.”

நான் சொல்லியிருக்கலாம். பிள்ளை, நான் போட்ட சரியெல்லாம் சரியில்லை, வா என்று ஒரு வசனம். அவள் என்னைக் கட்டிப்பிடித்ததும் அவர்கள் கைதட்டியதும் நினைவுக்கு வந்தன.

“ஓமோம்” என்றேன். “நீ அங்கால பார்.”

தேர்தல் நாளன்று, வாக்களிப்பு நிலையமாக மாறியிருந்த ஆரம்பப் பள்ளிக்கூட வாசலில் ஒரு கதிரை போட்டு என்னை இருத்தினார்கள். வாக்களித்துவிட்டு வருகிறவர்களிடம் வாக்காளர் இலக்கம் கேட்டு எழுதுவது வேலை. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எனக்கு அப்படியே தெரிந்தது. காலையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துச் சனம் வந்துகொண்டே இருந்தது. அவள் ஏறி இறங்கிய வீடுகள். என் தெருக்களிலிருந்து மதியம் வரைக்கும் விரலால் எண்ணக்கூடிய ஆட்கள்தான் வந்தார்கள். ஒருவர் படமுள்ள அடையாள அட்டையை விட்டுவிட்டு வந்து, எடுத்துக்கொண்டு வாறன் என்று போனவர், போனவர்தான்.

பின்னேரம் தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். “ஓமக்கா, இப்ப வெளிக்கிடுறம்.” “ஓம், பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்த கையோட வாறம்.” “ஓமோம்.” எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது? அவர்கள் மூன்று கிழமைக்கு முன்பு சொன்ன அதே சொல்லைத்தான், அதே பொருளில், மாறாமல் சொன்னார்கள். கடைகள் பூட்டுகிற நேரத்தில் பூஞ்சண வீட்டிலிருந்து ஐந்து பேரும் வந்தார்கள். வெளியே வரும்போது அவள் என் பக்கம் திரும்பாமல், மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். நான் இலக்கம் கேட்கவில்லை.

மறுநாள் காலை எண்ணினார்கள். இரண்டாம் தடவையும் எண்ணினார்கள். என் பெறாமகள் பத்தொன்பது வாக்கால் தோற்றாள்.

வென்றவர், சுவரைப் படமெடுத்துக்கொண்டு போன அந்த ஆள், மேடைக்கு ஏறியபோது அவள் போய்க் கை கொடுத்தாள், சிரித்தபடி படத்துக்கு நின்றாள். எல்லாரிடமும் போய் நன்றி சொன்னாள். என்னிடமும் சொன்னாள். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நின்ற அளவுக்கு நான் என் வாழ்நாளில் கூசி நின்றதில்லை.

நாலாம் நாள் கடைக்கு வந்தாள். என் தாள்களைக் கொண்டுவந்திருந்தாள். யார் யார் வாக்களிக்க வந்தார்கள் என்ற பட்டியல் அவளிடம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வராதவர்களின் பெயர்களைக் காட்டினாள். வெட்டுமேசையில் கிடந்த துணியைத் தள்ளிவைத்துவிட்டு நான் நின்றேன்.

“பெரியம்மா, இவை எல்லாரும் உங்களிட்ட என்ன சொன்னவை?”

“ஓம் எண்டுதான் சொன்னவை.”

“சரி. உங்களுக்கு என்ன விளங்கினது?”

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஊரைத் திட்டுவாள், நானும் சேர்ந்து திட்டலாம் என்று காத்திருந்தேன். நன்றி கெட்டதுகள் என்று ஒரு வசனம் வாயில் தயாராக வைத்திருந்தேன்.

“எனக்கு விளங்கினது” என்றேன், கடைசியில். “மாட்டினமெண்டு விளங்கினது.”

“அப்ப ஏன் எழுதேல்லை?”

“நீ சந்தோசப்படுவாய் எண்டு.”

அவள் தாள்களை அடுக்கி ஓரம் சரிபார்த்தாள். குரல் உயரவே இல்லை. “நான் சந்தோசப்படக் கேக்கேல்லையே பெரியம்மா. எங்க போறதெண்டு தெரியத்தானே கேட்டனான்.”

சுவரைப் பற்றியும் அன்றைக்கே சொல்லிவிட்டேன். மறைத்து மறைத்து எனக்கு ஏலாமல் போய்விட்டது. தோற்றதற்குக் கண்கலங்காதவள், அதைக் கேட்டுக் கண்கலங்கினாள். “அந்த வீட்டுக்கு நான் போயிருப்பன்” என்று மட்டும் சொன்னாள். வென்ற மனிதர் இரண்டு மாதத்துக்குள் அந்தச் சுவரைத் திருத்திக் கொடுத்தார். பிள்ளைக்கு இருமல் குறைந்திருக்கிறதாம். அந்த ஐந்து வாக்கும் போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதற்காக என் மனம் ஆறவில்லை.

அவள் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள், சாப்பிடுகிறாள், வழக்குகளைப் பற்றிச் சொல்கிறாள். என்னை ஒரு சொல்லும் குத்திப் பேசியதில்லை. போன மாதம், அடுத்த கவுன்சில் தேர்தலிலும் நிற்கப் போகிறாள் என்று ஒரு வாடிக்கைக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. அந்த ஞாயிறு அவள் வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

“திரும்ப நிக்கிறியாமே. அந்த மூண்டு தெருவையும் என்னட்டத் தா. இந்த முறை உள்ளதை உள்ளபடி எழுதித் தாறன்.”

அவள் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“இல்லைப் பெரியம்மா” என்றாள். “உங்களிட்டத் தரமாட்டன்.”

யோசிக்கிறேன் என்றாவது சொல்லுவாள் என்று அங்கேயே நின்றேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தாள். நான் சோற்றைப் போட்டேன்.